பதிமூணு கிலோ கம்ப்யூட்டரும் என் தலையும்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நாலு. நாலாவது என் தங்கச்சி பெண். அவளையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்; யாராவது மூன்று என்றால் அந்த இடத்திலேயே திருத்துவேன்.

இத்தனை வயதில் என் தலைமேல் ஏறிய சுமை எதுவும் கீழே விழுந்தது கிடையாது. செங்கல், சிமெண்டுக் கலவை, கரும்புக் கட்டு, நெல் மூட்டை, ஒரு முறை கல்யாண வீட்டுக்குப் பாயசத்தோடு ஓர் அண்டா. (ஒரு சொட்டு சிந்தவில்லை. சாப்பிட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.) ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பொருளும் என் தலைமேல் இருக்கும்வரைக்கும்தான் பத்திரம். இறக்கி வைத்துவிட்டால் தலைக்குச் சுமை இல்லாமல் போய், உள்ளே இருக்கும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்படி அது ஒரு நாள் வேலை செய்த கதைதான் இது.

அப்போது எனக்கு முப்பத்தேழு. கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவே ரோட்டோர ஊர். நிலம் கிடையாது. வீட்டுக்காரர் கரும்பு வெட்டப்போன இடத்திலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். (அவருக்கு இந்தக் கட்டுரையில் இவ்வளவுதான் இடம்.) கள்ளக்குறிச்சியில், மலையிலிருந்து வரும் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் சித்தாள். சாரத்தில் ஏறி நான் கலவை கொண்டுபோவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்தான் நிர்மலா. மெட்ராஸ்காரப் பெண், கண்ணாடி போட்டவள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஹாஸ்டலை நடத்தப்போகிற பெரிய மேடத்துக்கு உதவியாக வந்திருந்தாள்.

ஒரு நாள் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, சாம்பல் நிறத்தில் கைப்பிடி வைத்த ஒரு பெட்டியைக் காட்டினாள்.

"அக்கா, இத ஜீப்புல கொண்டுபோக பயமா இருக்கு. கல்லு ரோட்டுல குலுங்கினா உள்ள எல்லாம் கழண்டுடும். நீங்க தலையில தூக்கிட்டு மலைக்கு வருவீங்களா? ஒரு வாரம்தான்."

"இன்னாம்மா இது?"

"கம்ப்யூட்டர். எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம். சொல்றத எல்லாம் ஞாபகம் வெச்சுக்கும்."

"அப்ப நீங்க எதுக்கு வரீங்க?"

சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். மலை ஊர்களில் பள்ளிக்கூடம் போகாத பெண்பிள்ளைகள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு அதில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பெரிய மேடத்திடம் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஹாஸ்டலில் இடம். "வேலை நல்லபடியா முடிஞ்சா, ஹாஸ்டல் சமையல்ல உங்களுக்கு ஒரு வேலை கேக்கறேன் அக்கா. மாசச் சம்பளம். தங்க ரெண்டு ரூம். உங்க பிள்ளைங்களுக்கும் அங்கயே சாப்பாடு."

ரெண்டு ரூம்! நாங்கள் ஐந்து பேரும் அப்போது இருந்தது ஒரு ரூம்கூட இல்லை, அரை ரூம். மழை வந்தால் கால் ரூம். அந்தப் பெட்டியை நான் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அது கம்ப்யூட்டர் இல்லை, என் வீடு.

பதிமூணு கிலோ என்று அதன் காகிதத்தில் போட்டிருந்ததாம். என் கழுத்து பதினைந்து என்றது. கழுத்து சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், அதற்கு வலிக்கக் கூடாது என்று. கண்டக்டர் வந்தார்.

"இன்னாக்கா, தையல் மிஷினா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கோ அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. "ஆமா" என்றேன். ஒரே ஒரு வார்த்தைதான். நிர்மலா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிமலையில் இறங்கி இரண்டு மணி நேரம் நடை. தலையில் கம்ப்யூட்டர், இடுப்பில் ஸ்டெபிலைசர் என்கிற இன்னொரு பெட்டி, கைப்பிள்ளை மாதிரி. பின்னால் நிர்மலா தன் துணிப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு நாலு இடத்தில் வழுக்கினாள். நாங்கள் தங்கிய ஊரில் இராமாயி வீட்டில் இடம் கொடுத்தார்கள். என் வயதுதான் அவளுக்கும். சாமையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம்.

விடிந்ததும் கதவைத் திறந்தால் வாசலில் ஏழெட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் ரவிக்கைத் துணி. பஸ்ஸில் வந்தவர்களில் ஒருத்தி இந்த ஊர்க்காரி. முதல் ஆளாக இராமாயியே நின்றாள்.

"அளவு ரவிக்கையும் வெச்சிருக்கேன்க்கா. கை மட்டும் ஒரு விரக்கட எறக்கி வெச்சிடு."

நிர்மலா துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"இது துணி தைக்கிற மிஷினு இல்ல" என்றேன், தலை குனியாமல். "இது பேரு தைக்கிற மிஷினு. புள்ளைங்க பேர சொல்லுங்க, தைக்கும்."

"ஏன், எங்க புள்ளைங்க பேரு கிழிஞ்சா பூடுச்சு?" என்றாள் இராமாயி. ஊரே சிரித்தது. போகட்டும். அந்தச் சிரிப்பில்தான் பெண்கள் எங்களோடு ஒட்டிக்கொண்டார்கள்.

எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம் என்றாளே நிர்மலா, அதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டாள். போன இடத்தில் கரண்டு வேண்டும். அதன் வயிற்றில் பேட்டரி கிடையாது. அந்த ஊரில் நம்பிக்கையான கரண்டு இருந்தது மாவு மில்லில்தான். காலையில் மாவு அரைப்பார்கள். உச்சிக்கு மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு மில்லுக்காரர் எங்களுக்கு பிளக்கைக் கொடுப்பார். சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கேயே வந்து பேர் சொன்னார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டு, பிறகு நிர்மலா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.

அந்தப் பெட்டியின் குணத்தை எல்லாம் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூடியைக் கழற்றினால் மூடியே எழுத்துப் பலகை. டெலிபோனுக்கு இருக்கிற மாதிரி சுருட்டை ஒயரில் தொங்கும். நடுவே சின்னத் தட்டு அகலத்துக்குக் கண்ணாடி. கறுப்பில் பச்சை எழுத்து. பக்கத்தில் இரண்டு வாய். எழுந்திருக்கும்போது தான் யார் என்றே அதற்குத் தெரியாது. ஒரு வாயில் பிளாப்பி என்கிற கறுப்புச் சதுரத்தைக் கொடுத்தால்தான் கர்ர் கர்ரென்று மென்று, நினைவு வந்து, கண் விழிக்கும். சொல்வதை எழுதி வைக்க இன்னொரு வாயில் இன்னொரு பிளாப்பி. அது அப்பளம் மாதிரி மெல்லியதாக இருக்கும், நடுவில் ஓட்டை, தொட்டால் வளையும். ஐந்து நாள் பேர் எல்லாம் அதற்குள்தான் இருந்தது என்றால் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. நாள் முடிவில் நிர்மலா அதே மாதிரி இன்னொன்றும் எழுதி வைப்பாள். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. படித்தவள் இல்லையா.

ஐப்பசி மாதம். மலையில் ஐந்து நாளும் பனியும் தூறலும். உப்பு தண்ணீராக நின்றது. தீக்குச்சி உரசினால் மாவாக உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை நிர்மலா அந்த இரண்டு பிளாப்பியின் காகித உறையை எடுத்துப் பார்த்தாள். உறையில் சாம்பல் பூத்த மாதிரிப் பூசணம்.

"ஐயோ! அக்கா, ஈரம் ஏறிட்டா மெஷின் இத படிக்காது. இந்த ரெண்டையும் நல்லா காஞ்ச எடமா பாத்து வைங்க. நான் குளிச்சிட்டு, ஊர்ப் பெரியவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

காய்ந்த இடம். நான் இராமாயி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுவரில் கை வைத்தால் கை நனைகிறது. கேழ்வரகுக் குதிருக்கு அடியில் ஈரம். டிரங்குப் பெட்டிக்குள் ஈரம். அப்போதுதான் மேலே பார்த்தேன். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் புகை படிந்து கறுத்த சோளக் கதிர், சுரைக் குடுக்கையில் அடைத்த சாமை விதை. தொட்டுப் பார்த்தேன். கலகலவென்று காய்ந்திருந்தது. அந்த வீட்டில் ஈரம் எட்டாத ஒரே இடம்.

"அங்க வெச்சா பூச்சி அண்டாதுக்கா, பூசணம் புடிக்காது" என்றாள் இராமாயி. "எங்க மாமியா கட்டி வெச்ச வெத, மூணு வருசம் கழிச்சு மொளச்சுது."

எங்கள் அம்மாவும் புடலை விதையை அப்படித்தான் கட்டுவாள். எது கெடக்கூடாதோ அது அடுப்புக்கு மேலே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு நிபுணர்களும் கலந்து பேசி முடிவெடுத்தோம். இரண்டையும் சுத்தமான துணியில் முடிந்து, சாமைக் குடுக்கைக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றை மட்டும் அங்கே வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியிலேயே விட்டிருக்கலாம்தான். ஆனால் பிள்ளை வளர்த்தவள் நான். ஒன்றைக் காய வைத்து ஒன்றை நனைய விடுவேனா?

நாங்கள் மறுநாள் கிளம்புகிறோம் என்று இராமாயி அன்றைக்கு நாட்டுக்கோழி அடித்தாள். கோழி ஒரு சட்டியில், களி ஒரு பானையில். ஈர விறகு பற்றவில்லை என்று நானே ஊதி ஊதி அடுப்பை எரியவிட்டேன். நல்ல தீ. என் வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக நான் ஊதியதில்லை.

நிர்மலா வந்தாள். "எங்க அக்கா வெச்சீங்க?"

"யாரும் தொட முடியாத எடத்துல கீது" என்று பெருமையாக முக்காலி போட்டு ஏறினேன். முடிச்சை அவள் கையில் கொடுத்தேன். பிரித்தாள்.

எண்ணெயில் போட்டு எடுத்த அப்பளம் எப்படி இருக்கும்? அப்படி. இரண்டும் ஓரம் சுருண்டு, நடுவில் குழிந்து, ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தன. கோழிக்குழம்பு வாசனை வேறு.

நிர்மலா ஓடினாள். மில்லில் கம்ப்யூட்டரைப் போட்டு, ஒன்றைப் பிரித்து நிமிர்த்தி வாயில் நுழைத்துப் பார்த்தாள். வாய் வாங்கவில்லை. இன்னொன்றும் நுழையவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பி இரண்டு சொல்லி மனசை ஆற்றியிருப்பேன்.

"அஞ்சு நாள் அக்கா. நாளைக்கு சாயங்காலம் மேடம் கேப்பாங்க. எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. திரும்பக் கூப்பிட இன்னும் அஞ்சு நாள் ஆகும்."

எனக்கு அந்த இரண்டு ரூம் கண்முன்னே தெரிந்தது. முதலில் ஒன்றுக்குச் சுவர் போயிற்று, பிறகு இன்னொன்றுக்கு. பிறகு கேட்டேன்.

"மிஷினு நல்லா கீதா?"

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல."

"கண்ணு முழிக்கிற பிளாப்பி?"

"அது அதோட வாயிலயே இருக்கு."

"எழுதறதுக்குப் புதுசு எதுனா கீதா?"

"ஒண்ணு இருக்கு. எதுக்கு?"

"குந்துங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"அறுபத்தி மூணு வீடு அக்கா!"

"நானும் பக்கத்துலதானே குந்தினு இருந்தேன்?"

எழுத்து தெரியாதவளுக்குத் தலைதான் நோட்டு. வந்தவர்களின் பேரை நான் பேராக வைத்துக்கொள்ளவில்லை, ஆளாக வைத்திருந்தேன். முதலில் வந்தவள் ஆட்டுக்குட்டியோடு வந்தவள், பேர் சின்னப்பொண்ணு. அவள் மூத்த மகள் எட்டு வயது, பள்ளிக்கூடம் போகவில்லை, இளையது பையன். இரண்டாவது, காதில் பீடி சொருகிய தாத்தா. பேத்தி மட்டும்தான் கூட, பேர் அலமேலு, பத்து வயது. மூன்றாவது... இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். நம்பாமல் நிர்மலா பாதியில் நிறுத்தி இராமாயியைக் கூப்பிட்டு, அவள் வீட்டைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுச் சரிபார்த்தாள். எல்லாம் சரி.

"அந்த நாலாவது வூட்டுக்காரன் குடிகாரன், அதையும் போடுங்க."

"அதெல்லாம் வேணாம் அக்கா."

"புள்ள ஏன் படிக்கலன்னு மேடத்துக்குத் தெரிய வேணாவா?"

இருபது வீடு வந்திருக்கும். காலையில் மாவு அரைக்க முடியாமல் போன பெண்கள் கூடிவிட்டார்கள் என்று மில்லுக்காரர் வந்து பழக்க தோஷத்தில் மோட்டாரைப் போட்டார். பச்சை எழுத்து ஒரு நடுக்கம் நடுங்கி, ஒரு புள்ளியாகச் சுருங்கி, செத்துப்போயிற்று. இருபது வீடும் போச்சு.

"பிளாப்பியிலதானே எழுதறீங்க?" என்று நான் அலறினேன்.

"இல்ல அக்கா, நான் சொன்னாத்தான் பிளாப்பியில போடும். அதுவரைக்கும் சும்மா மனசுலதான் வெச்சிருக்கும். கரண்டு போனா மறந்துடும்."

ஞாபகம் வைத்துக்கொள்ளும் மிஷின் என்று இதற்கா பேர் வைத்தார்கள்? என் தலைக்குக் கரண்டே வேண்டாம்.

எழுந்து போய் மோட்டார் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். "அண்ணே, இனிமே மோட்டார் போடறதுன்னா என்னத் தூக்கி அந்தாண்ட வெச்சிட்டுப் போடு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுபடியும் ஆட்டுக்குட்டியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று வீட்டுக்கு ஒரு முறை "உள்ள போடுங்க" என்பேன். சிவப்பு விளக்கு எரிந்து கர்ர் என்று மெல்லும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வீடு. மாவுக் கூடையோடு காத்திருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா?

"எக்கா, அவளுக்கு நாலு புள்ள. ஒண்ண உட்டுட்டியே."

"அது பால்குடிடி! ஹாஸ்டல்ல உட்டு தொட்டிலா கட்டுவாங்க?"

பொழுது சாயும்போது அறுபத்தியொரு வீடு ஆயிற்று. இரண்டு வீடு மட்டும் எப்படிப் புரட்டியும் வரவில்லை. மறுநாள் காலை இறங்கி வரும்போது, பாதி வழியில், தலையில் பெட்டியோடு நின்றுவிட்டேன்.

"மஞ்சப் பாவாட! ரெட்டப் பொண்ணுங்க! அவங்களும் பக்கத்து வூட்டு ஊமையன் பொண்ணும்!"

அங்கே ஏது கரண்டு? நிர்மலா பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி வரைக்கும் அந்தக் கையை அவள் மடக்கவில்லை.

சாயங்காலம் பெரிய மேடம் முன்னால் நின்றோம். பச்சை எழுத்தை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். "இன்னொரு பிளாப்பியிலயும் எழுதி வெச்சிருக்கணுமே, அது எங்க?"

"ஈரத்துல கொஞ்சம்..." என்று நிர்மலா இழுத்தாள்.

எனக்காகத்தான் இழுக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் பழி அவள்மேல் போகும். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த இரண்டு சுருளையும் மேசைமேல் வைத்தேன்.

"நான்தான் மேடம். காயட்டும்னு அடுப்பு மேல தொங்க உட்டேன்."

பெரிய மேடம் ஒன்றை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது என்ன வாசனை?"

"நாட்டுக்கோழிங்க."

சுருளைப் பழையபடி மேசைமேல் வைத்தார். பிறகு மேடம் நிர்மலாவைப் பார்த்து, "இவங்களுக்குத்தான் சமையல் வேலை கேட்டியா?" என்றார்.

"வேணாம் மேடம்" என்றாள் நிர்மலா. "இவங்கள அடுப்புப் பக்கமே விடாதீங்க."

போயிற்று, ரெண்டு ரூமும். காலுக்குக் கீழே நான் பூசிய சிமெண்டுத் தரை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்ல போடுங்க" என்றாள் அவள். "வரப்போற ஒவ்வொரு பொண்ணையும் இவங்களுக்குத் தெரியும். யார் பொண்ணு, எந்த ஊரு, அப்பா எப்படி, அம்மாவ எப்ப பாக்கணும்னு அழும், எல்லாம். இந்த லிஸ்டே இவங்க சொன்னதுதான் மேடம். நான் அடிச்சேன், அவ்வளவுதான்."

இருபத்து மூன்று வருஷம் அந்த கேட்டில் இருந்தேன். ரெண்டு ரூமில் நாலையும் வளர்த்தேன். மஞ்சள் பாவாடை இரட்டையர் வந்தார்கள், அலமேலு வந்தாள். அவர்களில் இரண்டு பேர்தான் கேட் ஸ்டூலில் உட்கார வைத்து எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது. (என் 'ழ' இன்னும் கோணல்தான். படிக்க முடிந்தால் போதும்.)

ஆனால் வீட்டில் எனக்கு மரியாதை போனது போனதுதான். பேரன் போன் தண்ணீரில் விழுந்தால், "ஆயாவுக்குத் தெரியாம எடுத்துக்கினு போ, பரண்ல ஏத்திடும்" என்கிறார்கள். போன மாதம் பேத்தி செல்விக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தையும் நகைப் பெட்டியையும் பெரியவள் என்று என் கையில் கொடுத்தார்கள். சபை நடுவில் அவள் அப்பன், என் பெரிய மகன், எழுந்து, "கொஞ்சம் இருங்க, மொதல்ல அடுப்ப அணைக்கட்டும்" என்றான். சம்பந்தி வீட்டுக்கும் கதை போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னே இன்னும் எத்தனை பேருக்குப் போகுமோ. மற்றவர்கள் வாயில் அது வளர்கிறது. ஒருத்தன் நான் கம்ப்யூட்டரையே அடுப்பில் வைத்து அவித்தேன் என்கிறான். அதனால்தான் நானே எழுதி வைத்தேன்.

"செல்வி, ஏ செல்வி! அந்தப் போன கீழ வெச்சிட்டு இங்க வா. மொதல் வரியிலேர்ந்து படிச்சிக் காட்டு. சிரிக்காம படிக்கணும். நான் பேர் எல்லாத்தையும் ஒப்பிச்ச எடம் வருது பாரு, அத மட்டும் கொஞ்சம் ஒரக்கப் படி. உன் அப்பன் வெளியதான் குந்தினு கீறான்."